எட்டாவது மரம்

திருவண்ணாமலைக்குக் குருவைத் தேடி வருகிறவர்கள் உண்டு. வரதராஜுலு வந்தது மரம் தேடி. குரு கிடைத்தது தற்செயல்.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு முப்பத்தொன்பது. பெயர் உண்ணாமலை. செங்கம் சாலையில் ஊரைத் தாண்டி, பச்சை வலை கட்டிய கொட்டகையில் தொட்டிக்குள் குட்டையாக நிற்கும் முந்நூறு போன்சாய் மரங்களை வைத்து வளர்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேருக்குச் சொல்லித் தருகிறார். குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'அம்மா' என்பார். ஊரில் யாரும் இதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. இதைவிட வேடிக்கையான குருக்களையும் சீடர்களையும் பார்த்த ஊர் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் வரதராஜுலு சாக்குப்பையிலிருந்து காய்ந்த கட்டை ஒன்றை எடுத்து வைத்தார்.

“ஏழாவதும் போச்சும்மா.”

உண்ணாமலை அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இடிந்த வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்து வந்த அரசமரம். அதற்கு முந்தியது கிணற்றுமேட்டு இச்சிமரம். அதற்கும் முந்தியது நர்சரியில் யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த காகிதப்பூ. எல்லாமே நல்ல அடிமரங்கள்தான். ஒன்றுகூட இரண்டு மாதம் தாண்டவில்லை.

“தண்ணி?”

“அளவாத்தான் ஊத்தினேன்.”

“வெயில்?”

“படவே விடலம்மா.”

“அப்போ இது என்ன சார்?”

அடியிலிருந்து நுனிவரை கட்டை முழுக்கச் சின்னச் சின்னக் கீறல்கள். கொசு கடித்த குழந்தையின் கையைப் போல இருந்தது.

“உயிர் இருக்கான்னு பாத்தேன். நகத்தால லேசாக் கீறினா உள்ள பச்சை தெரியும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

“எத்தனை தடவை பாத்தீங்க?”

“காலையில ஒண்ணு. சாயங்காலம் ஒண்ணு.”

“தினமுமா?”

“நடுவுல சந்தேகம் வந்தா...” என்று இழுத்தார்.

முப்பத்தாறு வருடம் ஓடுகிற வண்டியில் தூங்குகிறவர்களையெல்லாம் எழுப்பி டிக்கெட் கேட்ட மனிதர். பழக்கம் லேசில் போகாது. வேர் பிடித்துவிட்டதா என்று மரத்தை ஆட்டியும் பார்ப்பார். புதிதாக விட்ட மெல்லிய வேர் அந்த ஆட்டத்தில் அறுந்துவிடும். ஆட்டக்கூடாது என்று உண்ணாமலை வகுப்பில் சொல்லியிருந்தார். வரதராஜுலுவும் அதை நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கணும்மா. எப்பேர்ப்பட்ட மரத்தை எடுத்தா என் கையில பொழைக்கும்?”

உண்ணாமலை கட்டையைக் கீழே வைத்தார்.

“மதியத்துல என்ன செய்வீங்க சார்?”

“சாப்பிட்டுத் தூங்குவேன். டாக்டர் தூங்கச் சொல்லியிருக்கார்.”

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு உண்ணாமலை அவர் வீட்டுக்கு வந்தார். வரதராஜுலு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். அவருடைய மனைவி கோமளவல்லி தடுப்பதற்குள் உண்ணாமலை உள்ளே போய்த் தோளைத் தட்டினார்.

“சார், உயிரோட இருக்கீங்களா?”

வரதராஜுலு அடித்துப் பிடித்து எழுந்தார். “இருக்கேன்மா! என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல சார். தூங்குங்க.”

கூடத்தில் வந்து உட்கார்ந்து கோமளவல்லி கொடுத்த மோரைக் கொஞ்சம் குடித்தார். கால்மணி நேரம் கழித்து மறுபடி எழுந்து போனார்.

“சார், உயிரோட இருக்கீங்களா?”

“இருக்கேன்மா.”

மூன்றாவது தடவை தோளைத் தட்டியபோது வரதராஜுலு போர்வையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். குரு என்பதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் இல்லை.

“தூங்க விட்டாத்தானேம்மா மனுஷன் உயிரோட இருக்க முடியும்!”

உண்ணாமலை கூடத்துக்கு வந்து மீதி மோரைக் குடித்து முடித்தார். கோமளவல்லிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

“நல்லா கேட்டே உண்ணாமலை. ரெண்டு வருஷம் முன்னாடி பைபாஸ் ஆச்சு இவருக்கு. அன்னையிலேருந்து மணிக்கட்டைப் பிடிச்சு நாடி பாத்துக்கிட்டே இருக்கார். சினிமா பாக்கறப்பவும் அப்படித்தான். பேரன் பேசினா காதுல விழறதில்ல, உள்ள எண்ணிக்கிட்டு இருக்கார்.”

வரதராஜுலு கதவருகே வந்து நின்றார். கோபம் போய் முகம் சின்னதாகிவிட்டிருந்தது.

“என்கிட்ட இருக்கற வயசான மரமெல்லாம் கன்னா வாங்கி வளத்ததுதான் சார். ரெண்டு கன்னு தரேன், வளக்கறீங்களா?” என்று உண்ணாமலை கேட்டார்.

“கன்னு தடிக்கவே இருபது வருஷம் ஆகுமேம்மா. அவ்வளவு நாள் எனக்கு யார் குடுக்கப் போறாங்க? ஏற்கெனவே வயசான மரமா வேணும். என் கையால எடுத்து, என் கையால தொட்டியில வெச்சு, அது தழைக்கறதை நான் ஒரு தடவை பாக்கணும். அவ்வளவுதான் ஆசை.”

உண்ணாமலை செருப்பைப் போட்டுக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை கடப்பாரை எடுத்துக்கிட்டு வாங்க சார். போய்த் தேடுவோம்.”

ஆனி கடைசி. முதல் மழை பெய்து மண் இளகியிருந்தது. உண்ணாமலை ஸ்கூட்டர் ஓட்ட, வரதராஜுலு பின்னால் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஒரு பாழடைந்த மண்டபம். அதன் விரிசலில் முறுக்கிக்கொண்டு ஓர் அரசமரம். வரதராஜுலு வண்டி நிற்பதற்குள் இறங்கிவிட்டார்.

“இதுக்கு யாரைக் கேப்பீங்க சார்?”

“கேக்கறதுக்கு ஆளே இல்லையேம்மா.”

“அப்போ எடுக்கறதுக்கும் ஆள் இல்ல. ஏறுங்க.”

அடுத்தது ஏரிக்கரையில் ஓர் ஆலங்கன்று. கன்றுதான், ஆனால் அடி தடித்து, விழுதுகூட விட்டிருந்தது. உண்ணாமலை அதைச் சுற்றி வரச் சொன்னார். வரதராஜுலு சுற்றி மறுபக்கம் போனார். கரையின் கற்களை அதன் வேர்தான் சேர்த்துப் பிடித்திருந்தது. அவரே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

மூன்றாவது இடம் பாறையும் செம்மண்ணுமான ஒரு மேய்ச்சல் நிலம். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு புளியமரம் நின்றது. அடி பானை கனம். கிளைகள் கைவிரல் போல மடங்கி மடங்கி, ஒவ்வொரு நுனியிலும் ஒரு கைப்பிடி இலை. ஒரு கிளையில் எவர்சில்வர் சோற்றுத் தூக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

வரதராஜுலுவின் கை தானாக மணிக்கட்டுக்குப் போனது.

“அம்மா, இது யாரோ பண்ணி வெச்ச போன்சாய் மாதிரியே இருக்கு.”

“பண்ணினவங்க அதோ மேயறாங்க,” என்றார் உண்ணாமலை.

இருபது ஆடுகள் பாறைச் சரிவில் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் சொந்தக்காரி பச்சையம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு வந்தாள். நிலமும் அவளுடையதுதான்.

“இன்னா சார், அடுப்புக்கா?”

“இல்லம்மா. இதைத் தோண்டித் தொட்டியில வெச்சு வளக்கலாம்னு.”

பச்சையம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “புளிய தொட்டில வெச்சி எப்பங்க உலுக்கப் போறீங்க?”

“உலுக்கறதுக்கு இல்ல. பாக்கறதுக்கு.”

“இங்கயே நின்னு பாக்கறதுதானே?” என்று சிரித்தாள். பிறகு அவளே சொன்னாள். “எட்த்துக்கினு போங்க. இருவது வருசமா துளிர் வுட வுட எங்க ஆடுங்க கடிச்சிப்புடுது, அது எங்கேருந்து வளர்றது? ஆனா என் சோத்துத் தூக்க எங்க மாட்டறது? கீழ வெச்சா எறும்பு. பாறையில வெச்சா நாயி.”

“ஒரு இரும்புக் கம்பி நட்டுத் தரேன்,” என்றார் வரதராஜுலு.

“வெயில்ல காஞ்ச கம்பில மாட்னா சோறு ஊசிப்பூடும். நெழலு வோணும் சார்.”

வரதராஜுலு குருவைப் பார்த்தார். குரு ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பச்சையம்மாளே வழி சொன்னாள். பூவரசங்கொம்பு ஒன்றை வெட்டி நட வேண்டும். ஆடு கடிக்காமல் முள் கட்ட வேண்டும். அது வேர் விட்டுத் தழைத்துத் தூக்கு மாட்டுகிற நாளில் புளியை எடுத்துக்கொள்ளலாம்.

“எவ்வளவு நாள் ஆகும்?”

“அடுத்த ஆடிக்கு மாட்டலாம்.”

“ஒரு வருஷமா!”

“எப்படியும் ஒரு வருஷம் வேணும் சார்,” என்றார் உண்ணாமலை. “இன்னைக்கு ஒரு பக்கத்து வேரை மட்டும்தான் வெட்டப் போறோம்.”

அன்றைக்கு மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி அரைவட்டமாகப் பள்ளம் எடுத்தார்கள். அந்தப் பக்கத்து வேர்களை வெட்டி, மணலும் மட்கிய எருவும் போட்டு மூடினார்கள். வெட்டிய இடத்தில் ஒரு வருடத்தில் பொடி வேர் நிறைய விடும். அப்புறம் மறுபாதியை வெட்டித் தூக்கினால் மரம் தாங்கும். கடப்பாரையை வீசியதில் வரதராஜுலுவுக்கு மூச்சு வாங்கியது. பச்சையம்மாள் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு, நாலே குத்தில் மீதிப் பள்ளத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் வரதராஜுலு குடத்தில் தண்ணீரோடு மேய்ச்சல் நிலத்துக்குப் போனார். பூவரசங்கொம்புக்கு ஊற்றினார். ஊற்றிவிட்டு, வேர் விட்டதா என்று அதைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் கொம்பு காய்ந்துவிட்டது.

“நட்ட கொம்ப புடிச்சி ஆட்டிக்கினே இருந்தா அது எப்பங்க வேர் வுடும்?” என்று பச்சையம்மாள் ஏசினாள். “இம்மாம் படிச்சிக்கீறீங்க, இது தெரியாதா? கைய பின்னால கட்டிக்கினு நில்லுங்க சொல்றேன்.”

உண்மையிலேயே கையைப் பின்னால் கட்ட வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். இரண்டாவது கொம்பை அவரே வெட்டி வந்து நட்டார். தண்ணீர் ஊற்றுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு பச்சையம்மாளோடு பாறையில் உட்கார்ந்து பேசுவார். எந்த ஆடு சினை, எந்த ஆடு திருடி, எந்தக் குட்டிக்குக் கால் ஊனம் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்துபோயிற்று. கோமளவல்லி புதன்கிழமைகளில் இரண்டு பேருக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

ஒரு புதன்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வந்தபோது மனைவி கேட்டாள். “இன்னைக்கு எத்தனை இருந்துச்சு?”

“என்ன எத்தனை?”

“நாடி.”

“பாக்க மறந்துட்டேன் கோமளா,” என்றார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த ஆடியில் பூவரசு ஆள் உயரத்துக்கு வந்து இதயம் இதயமாக இலை விட்டு நின்றது. பச்சையம்மாள் தூக்கை அதில் மாட்டிவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று பார்த்தாள். “ம். எட்த்துக்குங்க,” என்றாள்.

மறுபாதி வேரையும் வெட்டிப் புளியைத் தூக்கினார்கள். முதல் பாதியில் வெள்ளை வெள்ளையாகப் பொடி வேர் ஓடியிருந்தது. கொட்டகைக்குக் கொண்டுவந்து, இலைகளைக் கழித்து, கிளைகளைக் குறைத்துத் தொட்டியில் நட்டார்கள். தொட்டியோடு மரம் முழுவதையும் பெரிய பாலிதீன் கவரால் மூடி உண்ணாமலை அடியில் கட்டினார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆவி படிந்து மரம் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

“இனி நாற்பத்தெட்டு நாள். அந்த ஈரத்துலயே அது இருந்துக்கும். தண்ணி ஊத்த வேண்டாம், திறக்க வேண்டாம். திறந்தா வெளிக்காத்து பட்டே போயிடும்.”

“துளிர்த்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார்.”

வரதராஜுலு கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுவும் போச்சுன்னா நான் இனிமே வர மாட்டேன்மா. உங்க மேல வருத்தம் இல்ல. பச்சையம்மா இடத்துல இருபது வருஷம் ஆட்டுப் பல்லுக்குத் தப்பின மரம். என் கையில வந்து சாகணும்னா, அதுக்கப்புறம் இன்னொரு மரத்தைத் தொட எனக்கு மனசு வராது.”

 உண்ணாமலை முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினார்.

ஞாயிறுதோறும் வரதராஜுலு வந்தார். கவரின் எதிரே நாற்காலி போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கைதான் சும்மா இருந்தது, மனம் இருக்கவில்லை. தோண்டிய அன்று எடுத்த போட்டோக்களை வைத்து, மரத்தை நோட்டில் படம் வரைய ஆரம்பித்தார். போன்சாய்க்கு முன்பக்கம் என்று ஒன்று உண்டு. பார்க்கிறவர் எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று வளர்க்கிறவர் முடிவு செய்கிற பக்கம் அது. அழகெல்லாம் முன்னால் வரும். தழும்பும் கோணலும் பின்னால் போகும். வரதராஜுலு வழவழப்பான அடிமரம் தெரிகிற பக்கத்தை முன்பக்கம் என்று வைத்தார். ஆடுகள் கடித்துக் கடித்துப் புண்ணாகி முண்டு முண்டாகக் கிடந்த பக்கத்தைப் பின்பக்கம் ஆக்கினார். முதல் கிளை இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம் என்று பத்து வருடத்துக்கும் சேர்த்துப் பதினான்கு படம் வரைந்துவிட்டார். உண்ணாமலை எல்லாவற்றையும் பார்த்தார். “நல்லா வரையறீங்க சார்” என்று மட்டும் சொன்னார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் வரதராஜுலு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கொட்டகையில் இரண்டு பேர் மட்டும்தான். உண்ணாமலை கவரின் முன்னால் மண்டியிட்டார். முடிச்சில் கை வைத்தார். கை அப்படியே நின்றது.

வரதராஜுலு காத்திருந்தார். அவரும் அருகில் உட்கார்ந்தார்.

“என்னம்மா?”

“ஒரு நிமிஷம் சார்.”

“உங்களுக்குமா பயம்? முந்நூறு மரம் வெச்சிருக்கீங்களே?”

“அதெல்லாம் என் மரம். போனா நான் அழுதுட்டு அடுத்ததைப் பாப்பேன். இது உங்க மரம் சார்.”

வரதராஜுலு முடிச்சில் நின்ற கையைப் பார்த்தார். இந்தப் பெண் தன்னைக் கேலி செய்கிறாள், சோதிக்கிறாள் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார். ஒரு வருடமாக அவளும் தன்னோடு சேர்ந்து பயந்துகொண்டு இருந்திருக்கிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. உண்ணாமலையின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, முடிச்சை அவரே அவிழ்த்தார்.

கவர் கீழே இறங்கியது. ஈரமண் வாசனை வந்தது. அவர் முன்பக்கம் என்று வைத்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. வழவழப்பான அடிமரம். மொட்டைக் கிளைகள். இடப்பக்கம் இல்லை. வலப்பக்கமும் இல்லை. வரதராஜுலுவின் கட்டைவிரல் நகம் மரத்தை நோக்கிப் போயிற்று. பாதி வழியில் நின்றது. அவர் விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.



பிறகு அவர் எழுந்தார். ஏரிக்கரை ஆலங்கன்றைச் சுற்றி வந்த மாதிரியே இதையும் சுற்றி மறுபக்கம் போனார். அங்கே குனிந்தவர் நிமிரவே இல்லை.

“அம்மா.”

உண்ணாமலை ஓடிப் போய்ப் பார்த்தார். ஆட்டுப் பல் பட்ட முண்டுகளுக்கு நடுவில், சிவப்பாகவும் இல்லாமல் பச்சையாகவும் இல்லாமல், கடுகு அளவில் ஐந்தாறு துளிர். ஒன்று மட்டும் விரிந்து, கொசு இறக்கை போல இரண்டு இலை விட்டிருந்தது.

வரதராஜுலு அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். “கோமளாவுக்கு போன் பண்ணணும், பச்சையம்மாகிட்ட சொல்லணும்” என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு மெல்ல அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது. நோட்டை எடுத்துப் பதினான்கு படங்களையும் புரட்டினார்.

“ஆனா இது பின்பக்கமாச்சேம்மா. புண்ணும் முண்டுமா இருக்கற இடம். நான் ஒரு படத்துலகூட இங்க ஒரு கிளை வெக்கல. இந்தத் துளிரைக் கிள்ளிட்டா, முன்பக்கமா வருமா?”

உண்ணாமலை தொட்டியின் இரண்டு விளிம்பையும் பிடித்தார். அதிராமல், மெதுவாக, அரைச் சுற்று திருப்பி வைத்தார்.

“உயிர் வந்த பக்கம்தான் சார் முன்பக்கம்.”